ஐந்தாவது தொட்டியை எடுத்துவிடாதீர்கள்

இராமநாதபுரம் கடற்கரையில் இறாலுக்கு ஆர்என்ஏ ஆய்வு நடத்தும் நெறியாளர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கும் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் உள்ள ஒரு வனாமி இறால் பண்ணையில் நான் லேப் பார்க்கிறேன். காலையில் செக் ட்ரேயைத் தூக்கிப் பார்ப்பது, மதியம் வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர் சோதனை ஓட்டுவது, சாயங்காலம் முதலாளிக்குப் போன் போட்டு "இன்னைக்கு ஒண்ணும் இல்லைண்ணே" என்று சொல்வது, இதுதான் என் வேலை. பண்ணைக்கு வருவதற்கு முன் மூன்று வருஷம் ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருந்தேன். எந்த இடம், யார் நெறியாளர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். யார் மேலும் புகார் சொல்ல இதை எழுதவில்லை. தொட்டி ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸுக்கு எதிராக, இரட்டை இழை ஆர்என்ஏவை (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ, இரண்டு இழை சேர்ந்தது) இறாலுக்கு ஊசியாகப் போட்டு, வைரஸின் ஒரு மரபணுவை அடக்கிப் பார்ப்பது எங்கள் திட்டம். ஐந்து வகைத் தொட்டி போட வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தோம். ஒன்றுமே செய்யாத இறால். வெறும் உப்புக்கரைசல் ஊசி போட்டு வைரஸ் கொடுத்த இறால். வைரஸ் மரபணுவுக்கான ஆர்என்ஏ போட்டு வைரஸ் கொடுத்தது. அதே ஆர்என்ஏ போட்டு வைரஸ் கொடுக்காதது. ஐந்தாவது, வைரஸோடும் இறாலோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாத, ஒரு ஜெல்லி மீனின் பச்சை ஒளிப் புரதமான ஜிஎஃப்பியின் மரபணுவுக்கான ஆர்என்ஏவைப் போட்டு வைரஸ் கொடுத்தது. வகைக்கு மூன்று என்றால் பதினைந்து தொட்டி. அதற்கேற்ற இறால், அதற்கேற்ற கிட், அதற்கேற்ற ஏரேட்டர். பட்ஜெட்டைப் பார்த்தவர்கள் ஐந்தாவதை அடித்துவிட்டார்கள். "சம்பந்தமே இல்லாத ஆர்என்ஏ என்ன செய்யப் போகுது? உப்புக்கரைசல்தான் இருக்கே, அதுவே கன்ட்ரோல்" என்றார்கள். கன்ட்ரோல் என்றால் மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் தொட்டி. எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

முடிவு நன்றாக வந்தது. உப்புக்கரைசல் தொட்டிகளில் ஒரு வாரத்துக்குள் எல்லாம் சிவந்து, ஓரத்துக்கு வந்து, செத்து மிதந்தன. ஆர்என்ஏ போட்ட தொட்டிகளில் பெரும்பாலானவை தீவனத்துக்கு ஓடி வந்தன. படம் போட்டோம், கைதட்டினார்கள்.

ஃப்ரீசரில் வேறொரு வேலைக்காகச் செய்து வைத்த ஜிஎஃப்பி ஆர்என்ஏ கொஞ்சம் மிச்சம் இருந்தது. திட்டம் முடியும் சமயம், கேட்பாரில்லாமல் கிடந்த இறாலில் இருபதை எடுத்து, இன்சுலின் சிரிஞ்சால் வயிற்றுப் பகுதியின் இரண்டாவது கணுவுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அதைப் போட்டேன். இரண்டு நாள் கழித்து வைரஸ் கொடுத்தேன். எல்லாம் சாகும், தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்பது என் கணக்கு. பத்தாவது நாள் பார்த்தால் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தன.

சாரிடம் போய்ச் சொன்னேன். "டியூப் மாறியிருக்கும்மா" என்றார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் ஆர்என்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் எங்கள் வைரஸ் ஆர்என்ஏ மேலே நிற்கும். ஜிஎஃப்பி நீளத்தில் சின்னது, கீழே ஓடிவிடும். டியூபில் ஒட்டியிருந்த மிச்சத்தை ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன், கீழேதான் நின்றது. டியூப் மாறவில்லை. அந்த ஜெல் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அறிக்கையில் அந்தத் தொட்டி வரவில்லை.

அப்புறம்தான் படித்தேன், எனக்கு முன்பே இதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்று. நாம் வளர்க்கும் அதே வனாமி இறாலில், 2004-லேயே அமெரிக்காவில் ராபலீனோ குழுவினர் செய்து காட்டியிருக்கிறார்கள். வைரஸோடு ஒட்டுறவே இல்லாத இரட்டை இழை ஆர்என்ஏ, அதிலும் வாத்தின் ஒரு மரபணுவிலிருந்து எடுத்தது, இறாலுக்குள் போனபோது வெள்ளைப்புள்ளி வைரஸுக்கும் டாரா என்ற இன்னொரு இறால் வைரஸுக்கும் எதிராக அது கொஞ்சம் தாக்குப்பிடித்தது. ஆர்என்ஏ சங்கிலியின் எழுத்து வரிசை, அதாவது அதன் வேதிக் கண்ணிகளின் வரிசை, எதுவானாலும் சரி, இரட்டை இழை ஆர்என்ஏ உள்ளே வந்தாலே இறாலின் உடம்பு "ஏதோ வைரஸ் வந்துவிட்டது" என்று எடுத்துக்கொண்டு தற்காப்பில் இறங்குகிறது. அடுத்த வருஷமே அதே குழு இன்னொன்றையும் காட்டியது. வைரஸின் சொந்த வரிசையைக் கொண்ட ஆர்என்ஏ கொடுத்தால், இந்தப் பொதுவான தற்காப்புக்கு மேலே, அந்த மரபணுவையே குறிவைக்கும் பலமான பாதுகாப்பும் சேர்ந்து கிடைக்கிறது. ஆக இரண்டும் உண்மை. இரண்டும் ஒரே இறாலுக்குள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இதனால்தான் உப்புக்கரைசல் போதாது என்கிறேன். ஊசி குத்திய காயம் காரணமா என்ற கேள்விக்கு மட்டும்தான் உப்புக்கரைசல் பதில் சொல்லும். ஆர்என்ஏ என்ற பொருளே காரணமா, அல்லது அதில் எழுதியிருக்கும் வரிசை காரணமா என்று அதால் பிரித்துக் காட்ட முடியாது. நம் அறிக்கைகளில் "இந்த மரபணுவை அடக்கியதால் இறால் பிழைத்தது" என்று எழுதுகிறோம். அந்த "அடக்கியதால்" என்ற ஒரு சொல்லைத் தாங்கி நிற்பது ஐந்தாவது தொட்டிதான். அதை எடுத்துவிட்டால் "ஏதோ ஒரு ஆர்என்ஏ போட்டோம், இறால் பிழைத்தது" என்று மட்டும்தான் எழுத முடியும்.

ஐந்தாவது தொட்டியில் இறால் எல்லாம் செத்தால்தான் சோதனை வெற்றி என்று ஒரு பயம் நம்மிடம் இருக்கிறது. அதில் பாதி பிழைத்தால் திட்டமே வீண் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அதில் பாதி பிழைத்து, வைரஸ் வரிசை போட்ட தொட்டியில் அதைவிடத் தெளிவாக அதிகம் பிழைத்தால், அந்த இடைவெளிதான் உங்கள் கண்டுபிடிப்பு. உப்புக்கரைசலுக்கும் மருந்துக்கும் உள்ள இடைவெளியைவிட அது சின்னதாக இருக்கும். சின்னதாக இருந்தாலும் அது உங்களுடையது.

ஆர்என்ஏவால் மரபணுவை அடக்கும் இந்த முறை கண்டுபிடிக்கப்பட்ட கதையே ஒரு கன்ட்ரோலின் கதைதான். 1995-ல் சூ குவோ, கென்னத் கெம்ஃப்யூஸ் என்ற இருவர் ஒரு சின்னப் புழுவில் பார்-1 என்ற மரபணுவை அடக்க, அதற்கு எதிர் இழை ஆர்என்ஏவைச் செலுத்தினார்கள். வேலை செய்தது. கன்ட்ரோலுக்காக நேர் இழையையும் செலுத்தினார்கள். மரபணுவின் செய்தி எப்படியோ அப்படியே இருக்கும் இழை அது, அதற்கு அடக்க என்ன இருக்கிறது? அதுவும் அடக்கியது. "டியூப் மாறியிருக்கும்" என்று அவர்களும் தூக்கிப் போட்டிருக்கலாம். போடாமல் அச்சிட்டார்கள். 1998-ல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் அந்தப் புதிரை அவிழ்த்தார்கள். ஒற்றை இழை என்று தயாரித்ததில் இரட்டை இழை கொஞ்சம் கலந்திருந்தது, உண்மையில் வேலை செய்தது அந்த இரட்டை இழை. 2006-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. அன்று "சொதப்பிய" கன்ட்ரோல் இல்லையென்றால் இன்று நாம் எதை ஊசியில் ஏற்றிக்கொண்டிருப்போம் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

இறாலுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். கண்ணின் விழித்திரைக்குக் கீழே புது ரத்தக்குழாய் வளர்ந்து பார்வை மங்கும் நோய் ஒன்று உண்டு. அந்தக் குழாயை வளர்க்கும் மரபணுவை அடக்கச் சின்ன ஆர்என்ஏக்கள் தயாரித்து, மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை கொண்டு போய்விட்டார்கள். 2008-ல் ஜெயகிருஷ்ண அம்பாட்டியின் குழு எலிகளில் பார்த்தபோது, எந்த வரிசையைப் போட்டாலும் ரத்தக்குழாய் வளர்ச்சி குறைந்தது. 21 எழுத்தோ அதற்கு மேலோ நீளம் இருந்தால் போதும், செல்லின் மேலுள்ள டிஎல்ஆர்-3 என்ற ஏற்பி அதைப் பிடித்துக்கொண்டு எச்சரிக்கை மணி அடிக்கிறது. மருந்து வேலை செய்தது, சொன்ன காரணத்தால் அல்ல. பெரிய நாட்டில், பெரிய பணத்தில், பெரிய ஆட்களுக்கே இது நடந்திருக்கிறது என்பதால் நாம் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரி, என் தொட்டிக்கு வருகிறேன். டியூப் மாறவில்லை என்று மேலே பெருமையாக எழுதினேனே, அதோடு நிறுத்தினால் நானும் யோக்கியம் இல்லை. என் கன்ட்ரோலும் கன்ட்ரோலாக இல்லை.

முதல் தப்பை ஜெல்லே காட்டிக்கொடுத்துவிட்டது. ஜிஎஃப்பி ஆர்என்ஏ நீளம் குறைவு என்றேன். ஒரே எடை போட்டாலும், நீளம் குறைந்ததில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை கூடும். நீளமும் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே கிட்டில், ஒரே மாதிரி சுத்தம் செய்திருக்கவும் வேண்டும். ஏனென்றால் பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலே இறாலின் எதிர்ப்புச் சக்தி தூண்டப்படும். தீவனத்தில் கலந்து கொடுக்கும் முறையில் இது இன்னும் மோசம். அதற்கு எச்டி115 என்ற ஈ.கோலை வகையில் ஆர்என்ஏவை விளைவித்து, அந்த பாக்டீரியாவையே தீவனத்தில் பிசைகிறோம். ஒப்பீட்டுக்கு வெறும் தீவனம் கொடுக்கிறோம். ஒரு பக்கம் பாக்டீரியாவும் ஆர்என்ஏவும், இன்னொரு பக்கம் இரண்டும் இல்லை. எது காப்பாற்றியது என்று யார் சொல்ல முடியும்? அதே பாக்டீரியா, அதை ஆர்என்ஏ விளைவிக்க வைக்கும் அதே தூண்டல், அதே நீளத்தில் சம்பந்தமில்லாத ஆர்என்ஏ, அதைத்தான் எதிர்ப்பக்கத் தீவனத்தில் பிசைய வேண்டும்.

இரண்டாவது தப்பு, ஒரே ஒரு தொட்டி. இருபது இறால் இருந்ததே என்று அன்று நினைத்தேன். பண்ணைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. இறால் செத்த இறாலைத் தின்னும். ராத்திரி ஒன்று செத்தால் விடிவதற்குள் ஓடு மட்டும்தான் மிஞ்சும், அதைத் தின்றவற்றுக்கெல்லாம் வைரஸ் போய்ச் சேர்ந்திருக்கும். முதல் இறால் எப்போது செத்தது, அதை எத்தனை தின்றன என்பதுதான் அந்தத் தொட்டியின் தலையெழுத்து. ஆகவே ஒரு தொட்டி என்பது ஒரு கணக்குதான், இருபது அல்ல. மூன்று தொட்டியில் இருபது வைத்துவிட்டு "அறுபது இறாலில் பார்த்தோம்" என்று எழுதும் வழக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

மூன்றாவது தப்பு வெயில். எங்கள் கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ், மேற்குப் பக்கம் திறப்பு. நல்ல தொட்டியெல்லாம் உள்ளே இருந்தன, எனக்குக் கிடைத்தது மேற்கு ஓரம். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து வெயில் நேராக அதன் மேல். நம் மாவட்டத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டி நின்றால் வெள்ளைப்புள்ளி வைரஸ் பெருகுவது தளர்ந்து சாவு குறையும் என்பது ஆய்வுகளில் பலமுறை பார்த்த விஷயம். கார்த்திகை மார்கழியில் மழையும் வாடையும் சேர்ந்து தண்ணீர் குளிரும்போது பண்ணைக்காரர்கள் ஏன் தூங்காமல் கிடக்கிறார்கள் என்பதற்கும் அதுவே காரணம். என் இருபது இறாலைக் காப்பாற்றியது ஜிஎஃப்பியா, மேற்கு வெயிலா? எனக்குத் தெரியாது. தெர்மாமீட்டர் வைக்கவில்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. திட்டத்தின் பழைய நோட்டை நினைவுபடுத்திப் பார்த்தால், உப்புக்கரைசல் தொட்டிகள் மூன்றும் வரிசையாகச் சுவரோரம், நிழலில் இருந்தன. ஆர்என்ஏ தொட்டிகள் வாசல் பக்கம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஊசி போட வசதியாக ஒரே வகையை ஒரே இடத்தில் வைத்தோம், அவ்வளவுதான். சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தொட்டிகளைக் கலைத்து வைத்திருந்தால் இந்த வரியையே நான் எழுத வேண்டியிருக்காது. தொட்டியின் மேல் எண் மட்டும் எழுதி, எந்த எண்ணில் எந்த மருந்து என்பதை எண்ணுகிறவருக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் நல்லது. அரை உயிராகச் சாய்ந்து கிடக்கும் இறாலைப் பார்த்து "இது செத்ததா, பிழைத்ததா" என்று தீர்மானிக்கும் கணத்தில் கை எந்தப் பக்கம் சாயும் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஜிஎஃப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வலையில் விழுந்து கையைக் கடுகடுக்க வைக்கும் சொறிக்கு, அதாவது ஜெல்லி மீனுக்கு, தூரத்து உறவு, பசிபிக் கடலின் ஒரு ஜெல்லி மீன். அதிலிருந்து 1962-ல் ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்த பச்சை ஒளிப் புரதம் அது. இறாலிடம் அந்த மரபணு இல்லை, எல்லா லேபிலும் ஃப்ரீசரில் இருக்கிறது, அதனால் வசதியாக அதையே எடுக்கிறோம். ஆனால் "இறாலிடம் இல்லாத மரபணு" என்பதும் "இறாலை ஒன்றும் செய்யாது" என்பதும் வேறு வேறு. தேனீக்களில் ஜிஎஃப்பி ஆர்என்ஏவைக் கொடுத்துப் பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள், ஏறத்தாழ 1,400 மரபணுக்களின் அளவு மாறியிருந்தது. நீளமான இரட்டை இழை உள்ளே போனதும் டைசர் என்ற நொதி அதை இருபத்தொன்று, இருபத்திரண்டு எழுத்துத் துண்டுகளாக வெட்டிப் போடுகிறது. அந்தத் துண்டுகளில் ஏதாவது ஒன்று இறாலின் ஏதோ ஒரு மரபணுவோடு தற்செயலாகப் பொருந்தினால் போதும். எனவே எடுக்கும் வரிசையை இறாலின் மரபுத்தொகுதியோடும் வைரஸோடும் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசியில் ஏற்ற வேண்டும். முடிந்தால் கன்ட்ரோலிலும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஜிஎஃப்பி ஒன்று, மின்மினியின் லூசிஃபெரேஸ் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் நிம்மதி.

குறிவைக்கும் மரபணுவுக்கும் அதே மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று வராத இரண்டு பகுதிகளிலிருந்து இரண்டு ஆர்என்ஏ செய்துகொள்வது நல்லது. முக்கியமான இன்னொன்று, கன்ட்ரோல் தொட்டி இறாலிலும் அந்த மரபணுவின் அளவை எடுத்துப் பாருங்கள். ஜிஎஃப்பி போட்டதிலும் அது இறங்கியிருந்தால், நாம் அடக்கியதாக நினைப்பது அடக்கமே அல்ல.

இவ்வளவும் லேபுக்குள் இருந்தால் நான் இப்படி ஊரறிய எழுதமாட்டேன். பண்ணைக்கு வந்த பிறகு, இறால் நோய்க்கு மருந்து என்று பாட்டில் விற்பவர்களைப் பார்க்கிறேன். வாரம் ஒருவர் வருகிறார். போன வருஷம் மழைக்காலத்தில் எங்கள் முதலாளி ஒரு பாட்டிலை வாங்கி எல்லாக் குளத்திலும் ஊற்றினார். ஒரு குளத்தை மட்டும் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "ஒரு குளத்துல எத்தனை லட்சம் கெடக்கு தெரியுமாம்மா, சோதனை பண்ண நான் என்ன காலேஜா வச்சிருக்கேன்?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த வெள்ளாமை தப்பித்தது, பாட்டிலுக்குப் பேர் கிடைத்தது. ஊற்றாத பக்கத்துப் பண்ணையும் தப்பித்ததை யாரும் பேசவில்லை.

அவரால் ஒரு குளத்தை விட்டுவைக்க முடியாது. உங்களால் முடியும். உங்கள் தொட்டியில் கிடப்பது இருபது இறால். 1994, 95 வாக்கில் வெள்ளைப்புள்ளி இந்தியாவுக்கு வந்தபோது புலி இறால் போட்டவர்கள் பட்டது இந்தக் கரையில் இன்னும் பேச்சில் இருக்கிறது. 2009-ல் வனாமிக்கு அனுமதி வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. நாளைக்கு ஆர்என்ஏ தீவனம் என்று மூட்டை வந்து இறங்கினால், கிலோவுக்கு எவ்வளவு கூட என்றாலும் வாங்குவார்கள். சும்மா ஏதோ ஒரு ஆர்என்ஏ போட்டாலே பாதி வேலை நடக்கும் என்றால், அந்த உண்மை அவர்களுக்கும் காசுதான். மலிவான தீவனத்துக்கு அதுவே வழியாகக்கூட இருக்கலாம். அதைச் சொல்லக்கூடிய ஒரே தொட்டியைத்தான் பட்ஜெட்டில் அடிக்கிறோம்.

பணம் ஒதுக்கும் குழுவினரிடம் நான் கேட்பது சின்ன விஷயம். இறால் ஆர்என்ஏ திட்டம் என்று எது வந்தாலும், சம்பந்தமில்லாத ஆர்என்ஏ போட்ட தொட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். இருந்தால், செலவைக் குறைக்க வேண்டுமென்றாலும் அதை மட்டும் தொடாதீர்கள். தேவைப்பட்டால் குறிவைக்கும் மரபணு நான்கை இரண்டாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

நெறியாளர்களிடம் கேட்பது இன்னும் சின்னது. உங்கள் மாணவியோ மாணவனோ வந்து "சார், கன்ட்ரோலும் பிழைச்சிருச்சு" என்று சொன்னால், டியூபைச் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. சந்தேகப்பட்டுவிட்டு, ஜெல்லைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை மூன்று தொட்டியில் போடச் சொல்லுங்கள். மறுபடியும் பிழைத்தால் அறிக்கையில் எழுதுங்கள்.

தொட்டிதான் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். எங்கள் பண்ணையில் ஐந்நூறு லிட்டர் ஃபைபர் தொட்டி ஆறு சும்மா கவிழ்ந்து கிடக்கின்றன. முதலாளியிடம் கேட்டுவிட்டேன், வண்டி வாடகையை மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். கொண்டுபோய் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், மேற்கு ஓரம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் திட்ட உதவியாளர், இந்நாள் பண்ணை லேப் டெக்னீஷியன்